மகள் கீழே போடக்கூடிய லென்ஸ்

கொட்டாஞ்சேனையில் பழைய கமராச் சாமான்கள் விற்கும் பெண்ணிடம், ஒரு லென்ஸால் எவ்வளவு தூரத்துக்கு எடுக்கலாம் என்று நான் கேட்கவில்லை. எவ்வளவு கிட்டப் போனால் அது வேலை செய்யாது என்று கேட்டேன். அவர் கையிலிருந்த துடைக்கும் துணியை மேசையில் வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். இத்தனை வருட வியாபாரத்தில் இப்படிக் கேட்டு ஒருவரும் படியேறி வந்ததில்லை என்று பிறகொரு நாள் சொன்னார். அன்றைக்குச் சொன்னது, "இருங்க அண்ணே, டீ போடச் சொல்றேன்" என்பது மட்டும்தான்.

நான் ஏன் அப்படிக் கேட்டேன் என்று சொல்வதென்றால் மகளின் காறை எலும்பிலிருந்து தொடங்க வேண்டும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் குறுக்கே ஓடுகிற அந்த மெல்லிய எலும்புக்கு ஒரு பெயர் இருப்பதே எனக்கு அது உடைந்த பிறகுதான் தெரியும்.

மகளுக்கு இருபத்துமூன்று வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. கிழமை நாட்களில் ஒரு விளம்பர அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமைகளில் பாடசாலை ரக்பி ஆட்டங்களைப் படமெடுத்து ஒரு விளையாட்டு இணையத்தளத்துக்குக் கொடுப்பாள். பௌர்ணமிப் போயாவோடு சேர்ந்து நீண்ட விடுமுறை வந்தால் சிநேகிதிகளுடன் வில்பத்துக் காட்டுக்குப் போய்ச் சிறுத்தை தேடுவாள். சிறுத்தையை நினைத்து நான் இரண்டு வருடமாக நித்திரை கெட்டிருக்கிறேன். வந்ததென்னவோ பாடசாலைப் பையன்கள் இரண்டு பேர். நான் தவறான விலங்கைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் வெள்ளவத்தைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மகளின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் யாரோ ஒரு ஆணின் குரல். "அங்கிள், துவ வெட்டுனா. பய வென்ன எபா." மகள் விழுந்துவிட்டாள், பயப்பட வேண்டாம் என்கிறார். பயப்பட வேண்டாம் என்று சிங்களத்தில் ஒருவர் சொன்னாலும் தமிழில் ஒருவர் சொன்னாலும் முழங்காலுக்கு ஒரே செய்திதான் போய்ச் சேருகிறது. கத்தரிக்காய்க்காரர் என்னைத் தன் முக்காலியில் இருத்தினார். இதை எழுதும்போதுகூடத் தொலைபேசி அடித்தால், எடுக்கும் முன்பு எங்கே இருக்கலாம் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரியில் என்னைக் கண்டதும் அவள் கேட்டது இதுதான்: "அப்பா, லென்ஸுக்கு ஒண்டுமில்லைத்தானே?"

அது அவளுடைய லென்ஸ்கூட இல்லை. அலுவலகத்தில் மேலதிகாரி இரவல் கொடுத்தது.

இரண்டு நாள் கழித்து அவளுடைய சிநேகிதி ஒரு காணொளியை அனுப்பினாள். பார்வையாளர் பக்கத்திலிருந்து யாரோ ஒரு தாய் தன் மகன் ஓடுவதை எடுத்தது. பையன் பந்தோடு எல்லைக்கோட்டை ஒட்டி வருகிறான். இன்னொருவன் இடுப்பைக் கட்டிப்பிடிக்கிறான். இருவரும் உருண்டு கோட்டைத் தாண்டுகிறார்கள். அங்கே என் மகள் ஒரு காலில் முழந்தாளிட்டுக் கமராவுக்குள் கண்ணை வைத்திருக்கிறாள். கடைசி நேரத்தில் அவர்களைக் காண்கிறாள். நேரம் இருக்கிறது. கைகளை நிலத்தில் ஊன்றலாம், முகத்தை மறைக்கலாம், பின்னால் சரியலாம். அவள் இரண்டு கைகளாலும் கமராவை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுருண்டுகொள்கிறாள். இடது தோள் போய் நிலத்தில் மோதுகிறது.

நான் அதை அலுவலகத்தில் பார்த்தேன், பஸ்ஸில் பார்த்தேன், குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்த்தேன். எலும்பு பொருந்திவிடும் என்று வைத்தியர் சொன்னார். அந்த இரண்டு கைகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மகள் கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கவிட்டபடி சோபாவில் கிடந்து, மற்றக் கைப் பெருவிரலால் லென்ஸ்களின் விலைகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இருநூறு மில்லிமீற்றரோட போனதாலதான் கோட்டில நிக்க வேண்டி வந்தது. அறுநூறு இருந்திருந்தா ஒரு மைல் அங்கால நிண்டு எடுத்திருப்பன்" என்றாள்.

அவள் எனக்குச் சொல்லவில்லை, கூரைக்குச் சொன்னாள். என் மண்டைக்குள் ஒரு வெளிச்சம் அடித்தது. இருபத்துமூன்று வயதுப் பிள்ளையை, அதுவும் சொந்தச் சம்பளம் வாங்குகிற பிள்ளையை, போகாதே என்று மறிக்க எனக்கு வழியில்லை. ஆனால் அவளைத் தள்ளி நிற்க வைக்கும் ஒரு குழாயைக் கண்ணாடி போட்டு விற்கிறார்கள்.

"நான் வாங்கித் தாறன்" என்றேன்.

மகள் எழுந்து இருந்தாள். குசினிக்குள்ளிருந்து மனைவி கரண்டியோடு வந்து எட்டிப்பார்த்தாள். "எலும்பு உடைச்சதுக்குப் பரிசோ? அப்ப காலையும் உடைச்சா என்ன வாங்கிக் குடுப்பியள்?"

நான் கப்பலில் வரும் சாமான்களைத் துறைமுகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். படிவங்களில் சின்ன எழுத்தில் இருப்பதை வாசிப்பதுதான் என் பிழைப்பு. அந்தக் கிழமை லென்ஸ்களின் விவரப் பட்டியல்களை அதே கண்ணால் வாசித்தேன். வெளிச்சம், கூர்மை, நடுக்கம் குறைத்தல் எல்லாவற்றையும் தாண்டி ஓரிடத்தில் நின்றேன். ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு ஆகக் குறைந்த தூரம் உண்டு. அதற்குள் நிற்கும் எதையும் அந்த லென்ஸால் தெளிவாகக் காட்ட முடியாது. சிலவற்றுக்கு இரண்டரை மீற்றர், சிலவற்றுக்கு நாலரை, பழைய பெரிய ஒன்றுக்கு ஆறு. படம் பிடிப்பவர்கள் இதை ஒரு குறையாகப் பட்டியலின் அடியில் போட்டிருந்தார்கள். எனக்கு அது கடவுள் போட்ட வேலியாகத் தெரிந்தது. ஆறு மீற்றருக்குள் போனால் படம் வராது. படம் வராத இடத்துக்கு என் மகள் போகமாட்டாள்.

இப்படித்தான் ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொட்டாஞ்சேனைக்குப் போய், ஒரு தையற்கடைக்கு மேலே படியேறி, அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். முன்பு கலியாணங்கள் படமெடுத்தவர், முதுகு போன பிறகு விற்பனைக்கு வந்துவிட்டார். தேநீரைத் தந்துவிட்டு மெதுவாக விசாரித்தார்.

"கிட்ட போனா வேலை செய்யக் கூடாதா? அப்பிடித்தானே கேட்டீங்க?"

"ஓம். எவ்வளவு கூட இருக்குதோ அவ்வளவு நல்லம்."

"ஆறு மீற்றர்ல ஒண்ணு இருக்கு."

"பத்து இல்லையோ?"

"பத்து மீற்றரா?" அவர் சிரிப்பை டீயோடு சேர்த்து விழுங்கினார். "அந்தக் காலத்துல கையால திருகுற பழைய லென்ஸ் இருந்திச்சி அண்ணே. அது வேணும்னா மியூசியத்துல கேட்டுப் பாக்கணும். யாருக்கு இது, உங்களுக்குப் பிடிக்காத யாருக்கோவா?"

"மகளுக்கு."

அவர் உள்ளே போய் ஆறு மீற்றரைத் தூக்கிக்கொண்டு வந்தார். தூக்கிக்கொண்டு என்றால் உண்மையாகவே இரண்டு கையாலும். சாம்பல் நிறத்தில், தண்ணீர்ப் பம்பு போல இருந்தது. அறுநூறு மில்லிமீற்றர், நிலையானது, முன்னால் தள்ளிப் பின்னால் இழுக்க முடியாது. என் மடியில் வைத்தார். மகளைப் பிறந்த அன்று தாதி என் கையில் தந்தபோது இதில் பாதிப் பாரம்தான் இருந்தாள். எனக்கு இன்னும் சந்தோஷமாகிவிட்டது. இதைத் தூக்கிக்கொண்டு எவரும் கோட்டுக்கு ஓட முடியாது. நிறுத்திய இடத்திலேயே நிற்க வேண்டும், வீதி விளக்குக் கம்பம் மாதிரி.

"இதையே எடுப்பம்" என்றேன்.

அந்தப் பெண் சும்மா கேட்பது போலக் கேட்டார். "மகள் காட்டுக்கும் போவாங்களா அண்ணே?"

"வில்பத்துக்குப் போறவ."

"யானை தொரத்தினா இதத் தூக்கிட்டு ஓடுவாங்களா, போட்டுட்டு ஓடுவாங்களா?"

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். பிறகு தொலைபேசியை எடுத்துக் காணொளியைப் போட்டு அவரிடம் நீட்டினேன். அவர் ஒரேயொரு தரம் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இரவல் லென்ஸா அது?"

"எப்பிடித் தெரியும்?"

"இரவல யாரும் கீழ போட மாட்டாங்க. ஆசப்பட்டு வாங்கினதையும் போட மாட்டாங்க. என் முதுகு எப்பிடிப் போச்சின்னு நெனைக்கிறீங்க? கலியாண மேடைல படி சறுக்கி. லென்ஸ் நல்லா இருந்திச்சி. அத அடுத்த மாசமே வித்துட்டேன், மொகத்துல முழிக்கப் பிடிக்கல." அவர் அந்தச் சாம்பல் நிறக் குழாயை என் மடியிலிருந்து எடுத்தார். "உங்களுக்குத் தேவ தூர லென்ஸ் இல்ல அண்ணே. கீழ போடக்கூடிய லென்ஸ்."

அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அவர் எடுத்துத் தந்தது நூற்றைம்பதிலிருந்து அறுநூறு வரை நீண்டு சுருங்கும் ஒன்று. இரண்டு கிலோ. ஏற்கனவே மூன்று பேரிடம் இருந்தது. திருகும் ரப்பர் வெளிறிப் போயிருந்தது. முன்னால் மாட்டும் பிளாஸ்ரிக் மறைப்பில் ஒரு நெளிவு. யாரோ ஒரு குழந்தை ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டிய அடையாளம் இன்னும் பிசுபிசுத்தது. படம் எப்படி வருமென்று கேட்டேன். "நல்லா வரும், வெயில் இருந்தா. அஞ்சு மணிக்கு மேல இருட்டா அடிக்கும்." எனக்கு அது காதில் விழுந்தது, ஆனால் இறங்கவில்லை. அதன் அசிங்கத்தில் மயங்கிப் போயிருந்தேன்.

மிச்ச வேலை மகளைச் சம்மதிக்க வைப்பது. தூளி கழன்ற கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். முன்கூட்டியே பேசிவைத்தபடி கடைக்காரப் பெண் என்னை முதன்முறை காண்பவர் போல வரவேற்றார். கொஞ்சம் அதிகமாகவே நடித்தார். "வாங்க சார், யாரு சொல்லி வந்தீங்க?" என்றார். சார் என்றதும் எனக்கு இருமல் வந்துவிட்டது.

மேசையில் இரண்டு லென்ஸும் இருந்தன; மகள் நேரே அந்தத் தண்ணீர்ப் பம்பிடம் போய் நின்றாள். கோயிலில் நிற்பதுபோல நின்றாள்.

"அப்பா, இதின்ர முன் கண்ணாடியைப் பாருங்க. இது விடுற வெளிச்சத்தில பாதிகூட மற்றது விடாது. பின்னேர மட்ச் எல்லாம் இதாலதான் எடுக்க வேணும்."

நான் வீட்டுப்பாடம் செய்துவைத்திருந்தேன். "ரக்பியில ஆக்கள் உனக்குக் கிட்டவும் வருவினம், தூரவும் போவினம். இது சுருங்காது. கிட்ட வந்தா என்னத்தை எடுப்பாய், மூக்குத் துவாரத்தையோ?"

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு எப்ப இருந்து இதெல்லாம் தெரியும்?"

"வாசிச்சனான்."

"சார் சொல்றது சரிதான் தங்கச்சி" என்றார் கடைக்காரப் பெண், அலுமாரியைப் பார்த்தபடி.

மகள் பெரியதைத் தன் கமராவில் பூட்டி யன்னலால் வெளியே பிடித்தாள். எதிர்க்கடை வாசலில் லொத்தர் சீட்டு விற்பவரின் தட்டியில் உள்ள இலக்கம் வாசிக்க முடிகிறது என்றாள். அரை நிமிடம் பிடித்திருப்பாள். இடது தோள் ஒருமுறை துடித்து இறங்கியது. அவள் முகத்தை மாற்றாமல் லென்ஸை மேசையில் வைத்தாள். நாங்கள் மூவரும் அதைக் கண்டோம், மூவரும் காணாததுபோல இருந்தோம்.

"சரி, ஒரு வருசத்துக்கு இந்த ஊத்தையை வச்சிருப்பம்" என்று மற்றதைத் தூக்கினாள்.

ஊத்தை என்று அவள் சொன்னது எனக்குத் தேனாக இருந்தது. ஊத்தை என்று சொல்லும் சாமானுக்காக யாரும் எலும்பை உடைப்பதில்லை. வெள்ளவத்தை வரும்வரை பஸ்ஸில் நான் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தேன் என்று மகள் பிறகு முறைப்பாடு செய்தாள்.

இந்த இடத்தில்தான் என் மனைவி குறுக்கே வந்தாள். குற்றம் அவளுடையதல்ல. எங்கள் வீட்டில் புதிதாக வந்த எதுவும் பிள்ளையாரைக் காணாமல் வேலை தொடங்குவதில்லை. குளிர்சாதனப் பெட்டிக்கு நெற்றி இல்லாததால் கதவில் பொட்டு வைத்தவள் அவள். வெள்ளிக்கிழமை நான் வேலையால் வர முன்பே லென்ஸைப் பட்டுத்துணியில் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோய், மகளின் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்துவிட்டு வந்திருந்தாள். நெளிந்த மறைப்பின் மேல் சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம். திருகும் வளையத்தைச் சுற்றி மஞ்சள் நூல்.

"ஐயர் இது என்னெண்டு கேட்டவர்" என்றாள். "தூரத்தில இருக்கிறதைக் கிட்டப் பாக்கிற சாமான் எண்டன். அப்ப நல்லாக் கும்பிடுங்கோ எண்டு சொல்லி இரண்டு தரம் தீபம் காட்டினவர்."

லென்ஸ் சாமியறைத் தட்டில், விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. நான் வாசலில் செருப்போடு நின்றேன்.

என் மகள் பக்தி கூடினவள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு கொப்பி காலில் பட்டால் இன்றைக்கும் தொட்டுக் கண்ணில் ஒற்றுவாள். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, கை தானாகப் போகும். அப்படிப்பட்டவளிடம் பிள்ளையாரின் சந்தனம் அப்பிய சாமானைக் கொடுத்தால், அது நிலத்தில் படுவதற்கு முன் தன் இரண்டு தோளையும் கொடுப்பாள். மூன்று பேரின் கையில் அடிபட்டு, பிசுபிசுத்து, நான் தேடித்தேடிப் பொறுக்கிய அந்த அவலட்சணத்தை ஒரே வெள்ளிக்கிழமையில் என் மனைவி விக்கிரகமாக்கிவிட்டாள்.

அதன் மரியாதையைக் குறைப்பது என்று தீர்மானித்தேன்.

முதலில், எறும்பு வரும் என்று சொல்லி அதைச் சாமியறையிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தேன். மேசையில் கடற்காற்றுக்குப் பேப்பர் பறக்காமல் இருக்க அதை மேலே வைத்தேன். அதன் கழுத்தில் சந்தைப் பையைக் கொழுவினேன். ஒருநாள் பல்கனியில் காயப் போட்ட சாரம் காற்றில் போகாமல் இருக்க அதைத்தான் வைத்தேன். அன்றைக்கு மனைவி என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள். கடைசியில் வெங்காயக் கூடைக்குள் கொண்டுபோய் வைத்தேன். மகள் ஒம்லெற் போட வந்தபோது கண்டுபிடித்தாள்.

"அப்பா, லென்ஸ் வெங்காயத்துக்குள்ள என்ன செய்யுது?"

"கடற்காத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும். காய்ஞ்ச இடம் வேணும்."

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பது உண்மையான தலையிடி. ஆகவே அவளால் உடனே மறுக்க முடியவில்லை. அதை எடுத்து மணந்து பார்த்துவிட்டு, "நீங்க வர வர விசித்திரமாப் போறீங்க" என்று தன் அறைக்குக் கொண்டுபோனாள். சந்தனம் காய்ந்து அப்படியே இருந்தது. ஒருநாள் ஈரத்துணியால் துடைக்கப் போனபோது மனைவி, "அதில கை வச்சியளெண்டாத் தெரியும்" என்றாள்.

மொட்டைமாடியில் வைத்து நேரடியாகவே கேட்டுப் பார்த்தேன். மகள் கடலோர ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களை எடுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். ரயில் போன பிறகு சொன்னேன்.

"ஏதாவது உன்னை நோக்கி வந்தா, போட்டுட்டு ஓடு."

"எதை?"

"இதை."

"என்ன அப்பா விசர்க்கதை. லென்ஸை யாராவது போடுவினமா?"

அவ்வளவுதான். சீசனின் மிச்ச ஆட்டங்கள் அடுத்த சனி தொடங்கின. என்னை வரவே கூடாது என்று சொல்லியிருந்தாள். நான் தொப்பி போட்டுக்கொண்டு போய், பார்வையாளர் படிகளின் ஆக மேல் வரிசையில், பெரிய கொடி ஒன்றை வைத்திருந்த பழைய மாணவர் ஒருவருக்குப் பின்னால் இருந்தேன். கீழே பப்பரே வாத்தியக்காரர் கொட்டி முழக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரக்பி விளங்காது. நான் பதினைந்து பேர் கொண்ட இரண்டு அணிகளையும் விட்டுவிட்டு ஒருத்தியைப் பார்த்தேன்.

முதற் பாதியில் எல்லாம் நான் திட்டமிட்டபடி நடந்தது. கோட்டிலிருந்து வெகு தூரம் தள்ளி, ஒற்றைக்கால் தாங்கியில் லென்ஸை முழு நீளத்துக்கு நீட்டிவைத்து நின்றாள். எனக்கு முறுக்கு வாங்கிச் சாப்பிடும் அளவுக்கு நிம்மதி. இரண்டாம் பாதியில் மேகம் மூடியது. வெளிச்சம் குறைய அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். இன்னொரு அடி. பிறகு இன்னும் பத்து. எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் கொட்டாஞ்சேனைப் பெண் சொன்ன அஞ்சு மணி இறங்கியது. அந்த லென்ஸை நீட்டினால் இருட்டு. சுருக்கினால் சற்றுக் கூடுதலாக வெளிச்சம் விடும். சுருக்கினால் கிட்டப் போக வேண்டும். நான் தேடித்தேடி வாங்கிய சாமான் என் பிள்ளையைக் கையில் பிடித்துக் கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது.

கோட்டுக்கு இரண்டு மீற்றர் தள்ளி நின்றாள். கமராவுக்குள் கண்.

யாரோ பந்தை உதைத்தார்கள். அது அந்தக் கோணல் பந்து எப்போதும் செய்வதுபோல எங்கேயோ போவதாகப் போக்குக் காட்டிவிட்டு அவள் பக்கம் துள்ளியது. அதன் பின்னால் மூன்று பேர், ஒவ்வொருவனும் அலுமாரி அளவு. அவள் தலையை நிமிர்த்தினாள். அவளுடைய வலது கை கமராவின் மேல் இருந்தது. இடது கை லென்ஸின் அடியில், மஞ்சள் நூல் இருந்த இடத்தில். அந்த இடது கை இறுகியது. அதை நான் மேல் வரிசையிலிருந்து கண்டேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் கண்டேன்.

பிறகு இரண்டு கையும் விரிந்தன. அவள் பின்னால் பாய்ந்து புல்லில் குந்தின மாதிரி விழுந்தாள், கைகள் பின்னால் ஊன்றி. லென்ஸ் ஒற்றைக்காலில் அரை வினாடி தனியே நின்றது. பிறகு சரிந்தது. மூன்று பேரில் ஒருவன் அதன் மேல் போய்க் குந்தினான்.

முழுப் பக்கமும் "ஆ" என்று மூச்சிழுத்தது. பப்பரே நின்றது. அந்த அமைதியில் ஒரேயொருவர் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். அது நான்தான் என்று எனக்குச் சற்றுப் பிந்தித்தான் தெரிந்தது.

கொடிக்காரர் திரும்பினார். நான் பார்க்கவில்லையாக்கும் என்று நினைத்து இரக்கத்தோடு விளக்கினார். "அங்கிள், கெமராவ கெடுனா." கமரா உடைந்துவிட்டதாம்.

"ஒவ்" என்றேன், "கெடுனா." ஓம், உடைந்துவிட்டது. தட்டுவதை நிறுத்த முடியவில்லை. "மகே துவ" என்று கீழே காட்டினேன். என் மகள். அவர் கொடியை எடுத்துக்கொண்டு இரண்டு படி தள்ளிப் போய் இருந்தார்.

மகள் எழுந்து, தோளை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, சத்தம் வந்த திசையில் தலையைத் தூக்கினாள். தொப்பி பிரயோசனப்படவில்லை.

முச்சக்கர வண்டியில் வீடு திரும்பும்போது லென்ஸ் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. முன் மறைப்பு இரண்டாகப் பிளந்து, சந்தனம் பாதியும் சேறு பாதியுமாக. கமராவுக்கும் கண்ணாடிக்கும் ஒன்றும் இல்லை. வளையத்தைத் திருகினால் மணல் அரைக்கும் சத்தம்.

"ஏன் கை தட்டினீங்க?"

"ட்ரை போட்டுப் புள்ளி எடுத்திட்டாங்கள் எண்டு நினைச்சன்."

"பந்து வெளியால போனது."

"எனக்கு ரக்பி விளங்காதுதானே."

பம்பலப்பிட்டி வரும்வரை அவள் பிளந்த மறைப்பில் இருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு வெளியே பார்த்தபடி சொன்னாள். "கட்டிப்பிடிக்கத்தான் நினைச்சனான். கை இறுகினது. தோள் நொந்த ஞாபகம் தோளுக்கே வந்த மாதிரி இருந்தது. விட்டிட்டன்." கொஞ்சம் பொறுத்து, "நீங்க இதை வாங்கினதே நான் போடுறதுக்குத்தானே?" என்றாள்.

நான் வண்டிக்காரரின் முதுகைப் பார்த்தேன். அவர் முதுகு ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"கொட்டாஞ்சேனை அக்கா உங்களை சார் எண்டு கூப்பிட்டு நடிக்கேக்கையே யோசிச்சனான்" என்றாள். அவள் சிரிக்கிறாளா என்று பார்க்கத் துணிவு வரவில்லை. "சரி, அம்மாவுக்கு என்ன சொல்றது? அர்ச்சனை செய்த சாமான். சேத்தில போட்டனான் எண்டா மூண்டு வெள்ளிக்கிழமை என்னையும் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போவா."

"நான் போட்டுட்டன் எண்டு சொல்லுவம். படியால இறங்கேக்க."

"நீங்க வரக்கூடாது எண்டு சொன்னதே அம்மாவுக்கு முன்னாலதான்."

"அப்ப மட்ச் முடிய உன்னைக் கூட்ட வந்தனான். நீ என்னட்டத் தந்தாய். நான் சறுக்கினன்."

அவள் யோசித்தாள். "அதை நம்புவா. ஆனா உங்கட முகத்தை இப்பிடி வச்சுக்கொண்டு சொன்னா நம்பமாட்டா."

"என்ன முகம்?"

"கலியாண வீட்டுக்குப் போற மாதிரி."

வண்டி வெள்ளவத்தைச் சந்தியில் சிவப்புக்கு நின்றது. வண்டிக்காரர் முன் கண்ணாடியை எனக்கு முகம் தெரியும்படி கொஞ்சம் திருப்பிவிட்டார். நான் வாயை இறக்கி, புருவத்தைச் சுருக்கி, பெருமூச்சு ஒன்றை விட்டுப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் மகள்.